ஆச்சிரமத்தைப் பிள்ளைகளின் வீடாக்கியவர்களுக்கு

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவர்களே,

இலங்கையின் வடக்கே, வன்னியில் வயலுக்கும் காட்டுக்கும் நடுவே, தியானத்துக்கும் குருபூசைக்கும் என்று அமைக்கப்பட்ட எங்கள் ஆச்சிரமம், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் பெற்றோர் இருந்தும் அவர்களோடு வாழ இயலாத பிள்ளைகளுக்கும் இன்று வீடாக இருக்கிறது. அதற்குத் தோள் கொடுத்தவர்களுள் பெரும்பாலானோர் மேடைக்கு வர மறுப்பவர்கள். பொன்னாடை போர்த்துவதற்கு அழைத்தால் வயலில் வேலை கிடக்கிறது என்று சொல்லி நழுவிவிடுபவர்கள். ஆகவேதான் எழுத்தில் நன்றி சொல்கிறோம். அவர்களுடைய விருப்பப்படியே எவர் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

முதல் நன்றி, சமாதி அடைந்துவிட்ட எங்கள் சுவாமிகளுக்கு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்து மக்கள் ஊரோடு வெளியேறி, பின்னர் அவர்களுள் பலர் கிளாலி நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தபோது, தியான மண்டபத்தை அவர்களுக்குத் திறந்துவிட்டவர் அவர். சில வாரங்களுக்கென்று தங்கிய குடும்பங்கள் வேறிடம் போன பின்னரும், அழைத்துப் போக எவரும் இல்லாத பிள்ளைகள் இங்கேயே இருந்துவிட்டார்கள். ஆச்சிரமத்தின் அமைதி கெடுகிறதே என்று அடியார்கள் சிலர் வருந்தினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அமைதியைத் தேடித்தான் அவர்கள் வந்திருந்தார்கள். சுவாமிகள் எவரோடும் வாதிடவில்லை; தமது அறையைச் சிறுவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு மாறிக்கொண்டார். 1905இல் சுவாமி இராமகிருஷ்ணானந்தர் மயிலாப்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்காகத் தொடங்கிய மாணவர் இல்லத்தையும், 1929இல் சுவாமி விபுலாநந்தர் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தையும், தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலின் நிழலில் தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு அமைத்த இல்லத்தையும் அறிந்தவர் என்பதால், துறவும் பிள்ளை வளர்ப்பும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர் ஒருபோதும் எண்ணவில்லை. அன்று வருந்திய அடியார்களுள் சிலரே பின்னாளில் மாலை வகுப்புகளைப் பொறுப்பேற்று நடத்தினார்கள் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும்.

2009இல், போரின் இறுதிக் கட்டத்தில், எல்லோரையும் போல நாங்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனோம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள்ளும் பிள்ளைகளைச் சிதறவிடாமல் ஒன்றாக வைத்திருந்த பராமரிப்பாளர்களுக்கும், மீளக்குடியமர்ந்தபோது கூரையற்ற சுவர்களுக்குக் கூரை தந்த தொண்டு நிறுவனங்களுக்கும் புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. கட்டடங்களைப் பற்றி இதற்குமேல் எழுதவில்லை. அவற்றுக்குக் கல்வெட்டுகள் இருக்கின்றன.

கல்வெட்டில் ஏறாத உதவிகளையே இங்கே பதிவுசெய்ய விரும்புகிறோம். பல தடவை இடம்பெயர்ந்ததில் பிள்ளைகள் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கவில்லை. அது இல்லாமல் பாடசாலை அனுமதி முதல் தேசிய அடையாள அட்டை வரை எதுவும் நகராது. பெற்றோரின் பெயரைக்கூட மழலையில் அரைகுறையாகவே சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்காகப் பழைய பதிவேடுகளைத் தேடியும், அயலவர்களைக் கண்டுபிடித்துச் சத்தியக்கடதாசி பெற்றும், ஒன்றும் கிடைக்காத இடத்தில் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு வழிகாட்டியும் உதவிய கிராம அலுவலர்களுக்கும், பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவினருக்கும், நடமாடும் சேவைகளில் பணியாற்றியோருக்கும் நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். ஒரு மண்டபம் கட்டிக்கொடுப்பதைவிட இது சிறிய உதவி என்று எவரும் சொன்னால் நாங்கள் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

அடுத்து, அயற்கிராமத்து விவசாயிகளுக்கு. மாரிமழையை நம்பிச் செய்யும் ஒவ்வொரு பெரும்போக அறுவடையின் பின்பும் நெல் மூடைகளை வாசலில் இறக்கிவிட்டுப் பற்றுச்சீட்டுக்கும் காத்திராமல் போய்விடுவது அவர்கள் வழக்கம். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை விதிக்கப்பட்டதை அடுத்து வந்த பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்து, பல வீடுகளில் விதைநெல்லுக்கே யோசிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மூடைகள் வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தாலும் அது நியாயமாகாது. அளவு குறைந்திருந்தாலும் மூடைகள் வந்தன. பொருளாதார நெருக்கடியால் சமையல் எரிவாயு கிடைக்காத அந்த நாட்களில், விறகடுப்பைக் கைவிடாமல் வைத்திருந்த எங்கள் சமையற்கார அம்மாமாரின் பிடிவாதமும் எங்களைக் காப்பாற்றியது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டது. மே மாதத்தில் சாதாரண தரப் பரீட்சை. மண்ணெண்ணெயும் கிடைக்காத நிலையில் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டுச் சூரிய மின்விளக்குகளைக் கொடுத்துதவிய அயலவர்களையும், பேருந்து இல்லாமல் துவிச்சக்கரவண்டியிலேயே வந்து பாடம் சொன்ன ஆசிரியர்களையும் அந்தப் பிள்ளைகள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

பிறந்தநாளுக்கும் பெற்றோரின் ஆண்டுத் திவசத்துக்கும் விசேட உணவு வழங்கும் அன்பர்களுக்கு எங்கள் நன்றி என்றும் உண்டு. அவர்களுள் சிலர், ஒரே கிழமையில் மூன்று தரம் பாயசம் வருவதைக் கேள்விப்பட்டதும், தாமாகவே அந்தப் பணத்தை மின்கட்டணத்துக்கும் பாடசாலைச் சப்பாத்துக்கும் மாற்றித் தந்தார்கள். இன்னும் சிலர், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம் என்று நாங்கள் கேட்டபோது முகம் கோணாமல் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, பிள்ளைகளோடு பாயில் அமர்ந்து சாப்பிட்டுப் போனார்கள். உதவி பெறுபவர் என்ற அடையாளத்தை ஒரு நேரமாவது பிள்ளையின் நெற்றியிலிருந்து எடுத்துவிட்ட இவர்களுக்குத் தனியே ஒரு வணக்கம்.

நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் உத்தியோகத்தர்களுக்கு நாங்கள் சொல்லும் நன்றி சிலருக்கு வியப்பைத் தரலாம். ஏனெனில், எங்கள் இல்லத்தில் பிள்ளைகளின் தொகை குறைந்ததற்காகவே அவர்களுக்கு நன்றி சொல்கிறோம். நிறுவனப் பராமரிப்பு கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அரசின் மாற்றுப் பராமரிப்புக் கொள்கை. எங்கள் எண்ணமும் அதுவே. வறுமையினால் மட்டும் இங்கு சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மாருக்குத் தையல் இயந்திரமும் கோழிக்கூடும் வாழ்வாதாரக் கடனும் ஒழுங்குசெய்து, பிள்ளைகளை அவர்களிடமே சேர்த்து, சேர்த்த பின்னும் மாதந்தோறும் போய்ப் பார்த்துவருகிறார்கள். காலியாகும் ஒவ்வொரு கட்டிலும் எங்களுக்கு மகிழ்ச்சியே.

திரும்பிப் போக வீடு இல்லாதவர்களுக்குப் பதினெட்டு வயது ஒரு கடினமான வாசல். சட்டப்படி இல்லத்தை விட்டு வெளியேற வேண்டிய அவர்களுக்கு வாடகை முற்பணம் கேட்காமல் அறை தந்தவர்கள், தச்சுப்பட்டறையிலும் வாகனத் திருத்தகத்திலும் தொழில் பழக்கியவர்கள், வங்கிப் பிணைக்குக் கையெழுத்திட்டவர்கள், திருமணப் பேச்சு வந்தபோது தாய்மாமன் இடத்தில் நின்று சபையில் பேசியவர்கள் ஆகிய எல்லோரையும் எங்கள் குடும்பத்தவராகவே கொள்கிறோம். சென்ற ஆண்டுகளில் இங்கிருந்து போனவர்களுள் தாதியராகவும் ஆசிரியராகவும் இருப்போர் தம் முதற்சம்பளத்தில் அனுப்பியவை எங்கள் கணக்கேட்டில் நன்கொடை என்ற தலைப்பில் பதியப்படவில்லை. வீட்டுப் பிள்ளைகள் தரும் பணத்தை அப்படி எழுதக் கணக்காளருக்கு மனம் வரவில்லை என்பதால் அதற்குத் தனித் தலைப்பு இடப்பட்டிருக்கிறது.

இல்லத்தின் வரவு செலவு விபரம் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. உதவியவர்கள் எந்த வேலைநாளிலும் வந்து பேரேட்டையும் பற்றுச்சீட்டுகளையும் பார்வையிடலாம்.

நன்றியுடன்,
நிர்வாக சபையின் சார்பில்,
செயலாளர்