தோற்ற டீல்களிலிருந்து தொடங்கு

அன்புள்ள செந்தில்,

ப்ராடக்ட் மார்க்கெட்டிங் டீம் உன் கைக்கு வந்துவிட்டதாம், சந்தோஷம்டா. நாலு பேர், மூன்று ப்ராடக்ட், வாங்குகிறவர்கள் முக்கால்வாசி அமெரிக்காவில். முதல் மாதம் எதில் கைவைப்பது என்று கேட்டிருந்தாய்.

லாஞ்ச் காலண்டரை ஓரமாக வை. வாடிக்கையாளர், டீல் விவரமெல்லாம் பதிகிற சிஆர்எம்மைத் திறந்து, டெமோ வரை வந்து நழுவிய டீல்களில் கடைசி 3 மாதத்தினது 15 எடு. வாங்காமல் போனவர்களில் பேசச் சம்மதிப்பது ஐந்தாறு பேர்தான், அது போதும். சேல்ஸ்காரர்கள் காரணம் என்ற கட்டத்தில் "விலை" என்று போட்டிருப்பதை நம்பாதே. யார் மேலும் பழி விழாத பதில் அது. அழைப்பில் அந்த சேல்ஸ் ஆள் இருக்கவே கூடாது, இருந்தால் எதிராளி பூசி மெழுகிவிடுவார். அரை மணி நேரம் கேள். வேறு சாஃப்ட்வேர் தேட வேண்டும் என்று முதலில் எப்போது தோன்றியது, அன்று என்ன நடந்தது என்பதில் ஆரம்பி. அப்புறம் யாரையெல்லாம் ஒப்பிட்டார்கள், கடைசியில் யார் ஒப்புதல் கொடுத்தது. உங்களை ஏன் எடுக்கவில்லை என்பது கடைசிக் கேள்வியாகவே வரட்டும். முதலிலேயே கேட்டால் "விலை" என்று ஒரு சொல்லில் கதவைச் சாத்திவிடுவார்கள்.

கலிபோர்னியாவில் காலை 9 என்றால் நமக்குக் கோடையில் இரவு 9.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 10.30. இந்த அழைப்புகளை ஒரே ஆள் தலையில் கட்டாதே. இரவு பேசியவருக்கு மறுநாள் காலை மீட்டிங் வைக்காதே.

அந்த அழைப்புகளில் கேட்டதிலிருந்து பேட்டில்கார்டு எழுது, அதாவது போட்டியாளரோடு ஒப்பிட்டுக் கேட்டால் சேல்ஸ் ஆள் என்ன சொல்வது என்ற குறிப்பு. ஒரே பக்கம், ஏனென்றால் சேல்ஸ் ஆள் அதைப் போனில் பேசிக்கொண்டே பார்க்கிறார். முதல் வரியில் போட்டியாளரிடம் நன்றாக இருப்பதை ஒப்புக்கொள்: "அவர்களுடைய ரிப்போர்ட் நம்முடையதைவிடப் பளிச்சென்று இருக்கும். தினமும் புகார் டிக்கெட் பார்க்கிற ஆள் ரிப்போர்ட்டை எத்தனை தடவை திறக்கிறார் என்று கேளுங்கள்." இப்படி வாயில் அப்படியே வருகிற வாக்கியம் மூன்று இருந்தால் போதும். அடியில் தேதி போடு. போட்டியாளரிடம் இல்லை என்று எழுதிய வசதி போன மாதமே வந்திருந்து, வாடிக்கையாளர் அதைச் சுட்டிக்காட்டினால், அந்த சேல்ஸ் ஆள் உன் டீமின் எந்தக் காகிதத்தையும் மறுபடி தொடமாட்டார்.

ஆட்களை வேலைவாரியாகப் பிரிக்காதே. ஒருவர் எழுத, ஒருவர் ஸ்லைடு போட, ஒருவர் லாஞ்ச் பார்க்க என்றால் வாடிக்கையாளரை முழுசாகத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். ப்ராடக்டுக்கு ஒருவர், நாலாமவர் மூன்றுக்கும் பொதுவாக ஆராய்ச்சியும் சேல்ஸ் பயிற்சியும். இது புதுசு இல்லை. 1931-இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் (பி அண்ட் ஜி) கம்பெனியில் கேமே சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய் மூன்று பக்கக் குறிப்பில் கேட்டதே இதைத்தான்: ஒரு பிராண்டுக்கு முழுப் பொறுப்பாளிகள் வேண்டும் என்று. (அவர் பிற்பாடு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரே ஆனார், உனக்கு அவ்வளவு ஆசை வேண்டாம்.)

லாஞ்ச் விஷயத்தில் ப்ராடக்ட் மேனேஜர்கள் எல்லாருக்கும் தங்களுடையது பெரிசு. விலை மாறுகிறதா, புது வகை ஆள் வாங்கப்போகிறாரா? இரண்டும் இல்லையென்றால் ரிலீஸ் நோட்டும் ஒரு மெயிலும் போதும். பெரியது வருஷத்துக்கு மூன்று நாலைத் தாண்டினால் சேல்ஸ் எதையும் மனதில் வைக்காது.

லீட் எண்ணிக்கையை, அதாவது வாங்கலாமா என்று விசாரிக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதை, உன் அளவுகோலாக ஏற்காதே, அதற்கு வேறு டீம் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு போட்டியாளரோடு மோதியதில் எத்தனை ஜெயித்தோம் என்பதைக் கேள். டீல் முடியவே இரண்டு மூன்று மாதம் ஆகுமென்றால் பலன் தெரிய இரண்டு காலாண்டாவது பிடிக்கும். இதை உன் மேலதிகாரியிடம் இப்போதே சொல்லிவை, பிறகு சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும். 12 டீலில் 5 ஜெயித்ததைச் சதவீதமாக்கி ஸ்லைடில் போடாதே, எண்ணிக்கையாகவே சொல்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? முதல் பேட்டில்கார்டு தயாரானதும் அனுப்பு, சிவப்புப் பேனாவோடு உட்காருகிறேன்.

உன்,
முரளி