பேராசிரியர் எவரெட்டுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பேராசிரியர் ராபின்சன் எவரெட் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் 2009-இல் மறைந்துவிட்டீர்கள். ஆனாலும் உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் கற்பித்தீர்கள். குற்றவியல் சட்டம், ராணுவச் சட்டம் இரண்டும் உங்கள் பாடங்கள். சீருடை போட்டவன் குற்றம் சாட்டப்பட்டால் அவனுக்கும் முழு நீதி வேண்டும் என்பதில் நீங்கள் கடைசிவரை உறுதியாக இருந்தீர்கள். எனக்கு உங்கள்மேல் இவ்வளவு மரியாதை வந்ததே அதனால்தான்.

கொரியப் போர்க் காலத்தில் விமானப்படையின் சட்டப் பிரிவில் வேலை பார்த்தீர்கள். அப்புறம் 1960-களில், குடிமக்களின் அரசியலமைப்பு உரிமைகளைக் கவனித்த, செனட்டர் சாம் எர்வினின் துணைக்குழுவுக்குச் சட்ட ஆலோசகர். அங்கே நடந்த விசாரணைகளின் பலன்தான் 1968-ஆம் ஆண்டு ராணுவ நீதிச் சட்டம். அதற்கு முன், நடத்தை சரியில்லை என்று முத்திரை குத்தி ஒரு சிப்பாயை வெளியே அனுப்ப, அவனுக்காக வாதாட ஒரு வழக்கறிஞர் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. அந்த முத்திரையோடு ஊர் திரும்புகிறவனுக்கு வேலை யார் கொடுப்பார்கள்?

1980 முதல் 1990 வரை ராணுவ மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தீர்கள். ஜெர்மனியில் இருந்த அமெரிக்காவின் 3-ஆவது கவசப் படைப்பிரிவின் தளபதி, குற்றம் சாட்டப்பட்ட வீரர்களுக்கு நல்ல சாட்சி சொல்ல வருகிறவர்களைத் தயங்க வைக்கும்படி பேசியிருந்தார். அந்தப் பேச்சு தீர்ப்பையோ தண்டனையையோ பாதிக்கவில்லை என்பது நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தால்தான் அவை நிற்கும் என்று 1986-இல் உங்கள் நீதிமன்றம் சொன்னது. மேலதிகாரி முகம் சுளித்தாலே வாய் மூடிக்கொள்ளும் இடம் ராணுவம். அங்கே இப்படி ஒரு தீர்ப்பு எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

சரி, சொல்ல வந்த செய்தி இதுதான். உங்கள் காலத்தில், 1983-இல் வந்த சட்டம், ராணுவ வழக்குகள் நேரடியாக உச்ச நீதிமன்றம் போக வழி திறந்தது. அதுவரை ஆட்கொணர்வு மனு போன்ற சுற்றுவழிதான். ஆனால் உங்கள் நீதிமன்றம் விசாரிக்க மறுத்த வழக்குக்கு அந்த நேரடி வழி திறக்கவில்லை. 2023 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் இந்தத் தடையை நீக்கிவிட்டது. இனி அந்தச் சிப்பாய்களும் உச்ச நீதிமன்றத்தில் மனு போடலாம், ஐயா.

அன்புடன்,
உங்கள் பணியை மதிக்கும் ஒருவர்