கலாவுக்கு, உன் சின்னவள் பள்ளிக்கூடம் பற்றி

அன்புள்ள கலா,

நெய்வேலியிலிருந்து சாமான் செட்டெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்ததில் சந்தோஷம். புதுச்சேரி லாஸ்பேட்டை வீட்டில் தண்ணீர் எப்படி என்று நீ எழுதவே இல்லை. இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. சரி, விஷயத்துக்கு வருகிறேன், நீ எழுதியதில் முக்கால்வாசி சின்னவளைப் பற்றித்தானே.

"யாரோடும் சேருவதில்லை" என்று மிஸ் டைரியில் எழுதிவிட்டார்கள் என்பதற்காக சனி ஞாயிறு ஆளுமை வளர்ச்சி வகுப்புக்குப் பணம் கட்டப் போகிறாயாமே. கட்டாதே கலா. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பழகக் கற்றுத்தருகிறவர்கள் அவளோடு விளையாடுகிற மற்ற பிள்ளைகள்தான். ஜூன் மாதம்தான் புதுப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள், அங்கே எல்லோருக்கும் ஏற்கெனவே கூட்டாளிகள் இருப்பார்கள், இவள் எந்தப் பக்கம் போய் நிற்பாள்?

இன்டர்வெல்லில் அவள் என்ன செய்கிறாள் என்று முதலில் விசாரி. ஓரமாக நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கிறாளா? மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-லேயே சின்னப் பிள்ளைகளின் விளையாட்டை வகை பிரித்தபோது, தனியாக ஆடுவது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் ஆட்டத்தை ஆடுவது, சேர்ந்து ஆடுவது என்பவற்றோடு சும்மா நின்று பார்ப்பதையும் ஒரு வகையாகச் சேர்த்திருக்கிறார். அவர் பார்த்தது ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை. ஆனால் புது இடத்துக்கு வந்த பெரிய பிள்ளையும் அப்படித்தான் நிற்கும், நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். யார் தலைவி, யார் அழுகுணி ஆட்டம் ஆடுவாள், அவுட் என்றால் யார் சண்டைக்கு வருவாள் என்று எல்லாவற்றையும் அது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

தனியாக இருப்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து படம் வரைந்து நிம்மதியாக இருக்கிற பிள்ளையை விட்டுவிடலாம். சேர ஆசைப்பட்டும் எப்படிக் கேட்பது என்று தெரியாத பிள்ளைக்கு ஒரு சின்னத் தள்ளுதல் போதும். மற்றவர்கள் வேண்டுமென்றே ஒதுக்கிவைக்கிற பிள்ளைக்குத்தான் பெரியவர்கள் உடனே உள்ளே வரவேண்டும், அங்கே பிரச்சினை அந்தப் பிள்ளையிடம் இல்லவே இல்லை. டைரியில் எழுதிய ஒற்றை வரியில் மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும். திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி வருகிறது என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் எனக்கு இரண்டாவதா மூன்றாவதா என்று தெரிந்துகொள்ள அவசரமாக இருக்கிறது.

நாம் சின்னவர்களாக இருந்தபோது நொண்டியோ கல்லா மண்ணாவோ, தெருவில் ஒரு பொடிசு வந்து நின்றால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம், ஞாபகம் இருக்கிறதா? அது அவுட்டே ஆகாது, கூடவே ஓடும், ஓடி ஓடி ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளும். காய் விடுவதும் பழம் விடுவதும் அப்படித்தான், எந்தப் பெரியவரும் சொல்லித்தராமல் கோபத்தைக் காட்டவும் திரும்பி வரவும் பிள்ளைகளே வைத்திருந்த வழி. இப்போது தெருவில் அந்த ஆட்டம் குறைந்துபோய், அந்த வேலை முழுக்கப் பள்ளிக்கூடத்தின் தலையில் விழுந்திருக்கிறது. பள்ளிக்கூடமோ விளையாட்டுக்கான பி.டி. பீரியடைக் கணக்குப் பாடம் நடத்த எடுத்துக்கொள்கிறது! இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. விளையாட விட்டால் மார்க் குறையும் என்பவர்களிடம் நான் 2011-ல் வந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். பிள்ளைகளின் மன உணர்வையும் பழகும் திறனையும் வளர்க்கப் பள்ளிகளில் நடத்திய 213 திட்டங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் 2,70,000 பிள்ளைகளுக்கு மேல். படிப்பும் கூடத்தான் செய்தது, நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை 11 இடம் முன்னே போவது மாதிரி. பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளிகள்தான், ஆனாலும் படிப்பு கெட்டுப்போகும் என்ற பயத்துக்கு அது பதில்.

சண்டை வந்தால் "சாரி சொல்லு, கை கொடு" என்று அரை நிமிஷத்தில் முடித்துவைப்பது எனக்குப் பிடிக்காது. கத்திக்கொண்டிருக்கும்போது எதுவும் கேட்கமாட்டேன், அந்த நேரத்தில் புத்தி சொன்னால் ஏறாது. கோபத்தை அடக்குகிற மூளையின் முன்பகுதி முழுதாக வளர்ந்து முடிவதே இருபத்தைந்து வயதுவாக்கில்தான். தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு, அப்புறம் உட்காரவைத்து, "அவன் என்ன சொல்கிறான், நீ சொல்லு பார்க்கலாம்" என்று மாற்றி மாற்றிக் கேட்பேன். அடுத்தவன் சொன்னதைத் தன் வாயால் சொல்லும்போதே பாதி வேகம் இறங்கிவிடும். ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் அரசுப் பள்ளியில் காலை உணவு வந்ததிலிருந்து காலை நேரச் சண்டையும் அழுகையும் எங்கள் பக்கம் குறைந்திருக்கிறது, பசித்த வயிறு யாரோடும் ஒத்துப்போகாது.

2004 சுனாமிக்குப் பிறகு நான் கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் வேலை பார்த்தேனே, அப்போது பிள்ளைகள் மைதானத்தில் "அலை வருது" என்று கத்தி ஓடுகிற ஓர் ஆட்டம் ஆடினார்கள். பார்க்கவே வயிற்றைப் பிசையும். நிறுத்தச் சொன்னவர்கள் உண்டு, நான் கூடாது என்றேன். நாளாக ஆக ஆட்டத்தில் படகு வந்தது, கயிறு வீசிக் காப்பாற்றுகிறவர்கள் வந்தார்கள், கடைசியில் அது வெறும் ஓடிப்பிடித்து விளையாட்டாக ஆகிப்போனது. ஒரு பையன் மட்டும் மாறவேயில்லை, மணலைக் குவித்து மிதித்துக்கொண்டே இருந்தான், முகத்தில் ஒன்றும் இல்லை. அவனுக்குத்தான் ஆலோசகர் வேண்டியிருந்தது. அன்றிலிருந்து நான் பார்ப்பது இதைத்தான், பிள்ளையிடம் மாற்றம் நடக்கிறதா, அப்படியே நின்றுவிட்டதா என்று.

அதனால் தினமும் வீட்டுக்கு வந்ததும் "இன்றைக்கு யாரோடு விளையாடினாய்" என்று விசாரணை நடத்தாதே. வகுப்பில் எந்தப் பிள்ளையின் பேரை அவள் அடிக்கடி சொல்கிறாள் என்று மட்டும் கவனி. அந்த ஒரு பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடு, பிறந்தநாள் மாதிரிக் கூட்டம் சேர்க்காதே. பல்லாங்குழியை எடுத்துவைத்துவிட்டு நீ அடுப்படிக்குப் போய்விடு. மிஸ்ஸிடம், அந்தப் பிள்ளையோடு சேர்த்து நோட்டு கொடுக்கிற மாதிரி, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி ஏதாவது ஒரு வேலை கொடுக்கச் சொல். வயிற்றுவலி இன்னும் சில வாரம் தொடர்ந்தால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, தயங்காமல் கூட்டிக்கொண்டு போ. அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்தும் பேசலாம், இலவசம்தான்.

பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், இன்டர்வெல்லில் அவள் எங்கே நிற்கிறாள், யாரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று கேள். மிஸ் சொன்னதை அப்படியே எனக்கு எழுது. மாசி மகத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு இங்கே வருவதாக இருந்தால் முந்தின நாளே வந்துவிடு, அன்றைக்குப் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது.

அன்புடன்,
வசந்தி