ஸ்கேன்ல மனசு தெரியாது சார், ரத்த ஓட்டம்தான் தெரியும்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

நான் மதுரையில ஒரு ஸ்கேன் சென்டர்ல 14 வருஷமா எம்ஆர்ஐ டெக்னீஷியனா இருக்கேன். போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, மனசுல நினைக்கிறத இனிமே ஸ்கேன் எடுத்தே கண்டுபிடிச்சிடலாம்னு ஒரு கட்டுரை வந்துச்சுல்ல, மூளைப் படத்துல அங்கங்க சிவப்பும் மஞ்சளுமா தீப்பிடிச்ச மாதிரி போட்டு, அதைப் பத்திதான் எழுதுறேன்.

புதன்கிழமை ஒரு அம்மா அந்தப் பக்கத்த நாலா மடிச்சு பர்ஸுக்குள்ள வச்சு எடுத்துட்டு வந்தாங்க. வீட்டுக்காரருக்கு பைக் ஆக்ஸிடென்ட்டாகி நாலு மாசம் ஆச்சு, கண்ணு தொறந்திருக்கு, ஆனா கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறாரு. டாக்டர் எழுதிக் குடுத்த சாதாரண ஸ்கேனுக்குத்தான் வந்திருக்காங்க. நான் அவரை டேபிள்ல படுக்க வச்சு தலைக்கு காயில்னு சொல்ற கூடு மாதிரி கருவிய மாட்டிட்டு இருக்கும்போது ரூம் கதவுகிட்ட நின்னு பேப்பரை நீட்டி, "தம்பி, அப்படியே அவரு என்ன நினைக்கிறாருன்னும் பாத்துச் சொல்லிருங்க, காசு கூட ஆனாலும் குடுத்துர்றேன்"னாங்க. அவங்க கொழுந்தனார் பக்கத்துல நின்னு, போலீஸ்ல பண்ற பிரெயின் மேப்பிங்தானே அதுன்னு கேக்குறாரு. அது வேற சார், தலையில எலக்ட்ரோடு ஒட்டி மூளையோட மின்சார அலைகளைப் பாக்குறது, அதையே சம்மதம் இல்லாம யாருக்கும் பண்ணக்கூடாதுன்னு செல்வி வழக்குல 2010லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

நாங்க தினமும் எடுக்குற எம்ஆர்ஐ, ரத்தக்கட்டு இருக்கா, வீக்கம் இருக்கான்னு காட்டும். மூளை வேலை செய்யுறத பாக்க எடுக்குறது எஃப்எம்ஆர்ஐ. மெஷின் அதேதான், ஆனா ஆளு உள்ள படுத்துக்கிட்டே படம் பாக்கணும், விரலை ஆட்டணும், ஏதாவது நினைக்கணும், ரெண்டு மூணு செகண்டுக்கு ஒரு தடவை முழு மூளையையும் எடுத்துக்கிட்டே இருப்பாங்க. அதுலயும் நினைப்பு தெரியாது, ரத்தம்தான் தெரியும். மூளையில ஒரு இடம் சுறுசுறுப்பானா அங்க ஆக்ஸிஜன் உள்ள ரத்தம் தேவைக்கு மேலயே ஓடி வருது. ஆக்ஸிஜனை எறக்கிட்ட ஹீமோகுளோபினுக்கு ஒரு காந்த குணம் இருக்கு, ஆக்ஸிஜனோட இருக்குறதுக்கு அது கிடையாது, அந்த வித்தியாசத்த மெஷின் புடிக்குது. செய்ஜி ஒகாவான்னு ஒரு ஜப்பான்காரர் அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்கிற ஆராய்ச்சிக் கூடத்துல இருக்கும்போது 1990ல எலியில இதைக் காமிச்சாரு, 1992ல மனுஷங்களுக்கும் எடுத்துட்டாங்க. ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, நெஜமாவே பெரிய விஷயம்தான்.

ஆனா அதோட அளவையும் சொல்லணும்ல. படத்துல ஒரு புள்ளி சுமார் 3 மில்லிமீட்டர், அதுக்குள்ள லட்சக்கணக்குல நரம்பு செல் இருக்கு. ரத்தம் ஏறி உச்சத்துக்கு வர 5, 6 செகண்ட் ஆகும், நினைப்பு அதுக்குள்ள எங்கேயோ போயிருக்கும். சிக்னல் ஏறுறதும் நூத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான், தலை கொஞ்சம் அசைஞ்சாலே அது காலி. நீங்க போட்ட சிவப்பு மஞ்சள் மூளையில இருக்குற கலரே இல்ல, இந்த வேலை செய்யும்போது, செய்யாதபோது, ரெண்டையும் கழிச்சுப் பாத்து எங்க வித்தியாசம் அதிகம்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு பூசுன கலர். மிச்ச இடமெல்லாம் தூங்குதுன்னு அர்த்தமே இல்ல. உடம்பு எடையில மூளை நூத்துக்கு ரெண்டு பங்குதான், சும்மா படுத்திருந்தாலும் உடம்போட சக்தியில அஞ்சுல ஒரு பங்க அதுதான் எடுத்துக்குது.

கணக்கு தப்பா போச்சுன்னா என்ன ஆகும்னு 2009ல கிரெய்க் பென்னட்டுன்னு ஒரு ஆராய்ச்சியாளர் காமிச்சாரு. செத்துப்போன சால்மன் மீனை ஸ்கேன்ல வச்சு, மனுஷங்க போட்டோவைக் காட்டி, இவங்க மனநிலை என்னன்னு கேட்டிருக்காங்க. படத்துல மீனோட மூளையில ஒரு இடம் சிவப்பா எரியுது! ஆயிரக்கணக்கான புள்ளிய ஒண்ணொண்ணா சோதிச்சா தற்செயலா சிலது தேறத்தான் செய்யும், அதுக்கு திருத்தம் பண்ணவுடனே அந்த சிவப்பு காணாமப் போச்சு.

இதுக்காக எல்லாமே பொய்னு நான் சொல்ல வரல. அந்த அம்மா கேட்டதுக்கு நெருக்கமான ஆராய்ச்சி உண்டு, உங்க கட்டுரையில அதுதான் வரவே இல்ல. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல ஏட்ரியன் ஓவன் குழு, ரோடு ஆக்ஸிடென்ட்ல நினைவில்லாம கெடந்த 23 வயசுப் பொண்ணுகிட்ட, டென்னிஸ் ஆடுற மாதிரி நினைச்சுக்கோ, அப்புறம் உன் வீட்டு ரூம்ல நடக்குற மாதிரி நினைச்சுக்கோன்னு சொல்லி ஸ்கேன் எடுத்தாங்க. நல்லா இருக்குறவங்களுக்கு எந்த எந்த இடம் வேலை செய்யுமோ அதே இடங்க அந்தப் பொண்ணுக்கும் வேலை செஞ்சுச்சு, 2006ல வெளியாச்சு. 2010ல பெல்ஜியத்து லீஜ் ஊர் ஆராய்ச்சிக்காரங்களும் சேர்ந்து, மூளை அடிபட்டு நினைவு சரியில்லாம கெடந்த 54 பேருக்குப் பாத்ததுல அஞ்சு பேருக்கு அப்படி வந்துச்சு, ஒருத்தர் ஆமான்னா டென்னிஸ், இல்லன்னா வீடுன்னு நினைச்சு, அப்பா பேரைப் பத்தின கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருக்காரு. 2024ல வந்த பெரிய ஆய்வுல, சொன்னத செய்யாம கெடந்த 241 பேர்ல 60 பேர் உள்ளுக்குள்ள சொன்னத செஞ்சிருக்காங்க, நாலுல ஒருத்தர் சார்!

இதுலயும் யாரும் மனசைப் படிக்கல, சொன்னது காதுல விழுந்து அதுபடி நினைச்சாங்களான்னு மட்டும்தான் பாத்தாங்க. அதுக்குன்னு பயிற்சி எடுத்த டீம் வேணும், எங்க சென்டர்ல அது இல்ல. ஸ்கேன்ல ஒண்ணும் வரலன்னாலும் உள்ள ஒண்ணுமில்லன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் அந்த அம்மாகிட்ட என்னால முடிஞ்ச அளவுக்கு சொன்னேன். அவங்க வளையல், கொலுசு, ஹேர்பின் எல்லாத்தையும் கழட்டி கொழுந்தனார் கையில குடுத்துட்டு உள்ள வந்து, மெஷின் டக்கு டக்குன்னு சத்தம் போடும் பயப்படாதீங்க, நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கந்தான் நிக்கிறேன்னு அவரு காதுகிட்ட குனிஞ்சு சொன்னாங்க. அப்புறம்தான் நான் காதுல பஞ்சு வச்சேன்.

அந்தப் படத்துக்குக் கீழ, இது ரத்த ஓட்டத்துல இருக்குற வித்தியாசம், கலர் கம்ப்யூட்டர் போட்டதுன்னு ரெண்டு வரி போட்டிருந்தா போதும் சார். இப்பவாவது ஒரு நரம்பியல் டாக்டர்கிட்ட கேட்டு, நினைவில்லாம இருக்குறவங்களுக்கு எந்த டெஸ்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாதுன்னு அதே ஞாயிறு பக்கத்துல, அதே அளவுக்கு எடம் குடுத்து போடுங்க. அந்த அம்மா அடுத்த மாசம் திரும்ப ஸ்கேனுக்கு வர்றாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன், எம்ஆர்ஐ டெக்னீஷியன், மதுரை