அந்த டிரம்களைத் தூக்கியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹிரோஷிமா நினைவு நாள் கட்டுரையை வாசித்தேன். அணுகுண்டு செய்த விஞ்ஞானிகள் ஓப்பன்ஹைமர், ஃபெர்மி, அந்த வேலை நடந்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம் எல்லாம் இருந்தது. குண்டுக்குள் போன யுரேனியம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரிகூட இல்லை. தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சரக்கு எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்றுதான் மனசு முதலில் கேட்கும்.

அதில் பெரும்பகுதி பெல்ஜிய காங்கோவின் ஷிங்கோலோப்வே சுரங்கத்துத் தாது. 65 சதவீத யுரேனிய ஆக்சைடு. மற்ற இடங்களில் ஒரு சதவீதம் தேறினாலே நல்ல தாது என்பார்கள். ஜெர்மானியர் கைக்கு அது போய்விடக்கூடாது என்று, சுரங்கத்தை நடத்திய யூனியன் மினியேர் கம்பெனியின் எட்கார் செஞ்சியே 1940-ல் சுமார் 1,200 டன்னை நியூயார்க்குக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அந்த நகரத்தின் ஸ்டேட்டன் தீவில் ஒரு கிடங்கில், 2,000-க்கு மேற்பட்ட இரும்பு டிரம்களில் அது கிடந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் அவர் எடுத்துச் சொல்லியும் யாரும் அக்கறை காட்டவில்லை. 1942 செப்டம்பர் 18 அன்று ராணுவத்தின் கென்னத் நிக்கோல்ஸ் தேடி வந்தார். அன்றைக்கே பேரம் முடிந்தது. அமெரிக்கா அணுகுண்டு செய்யத் தொடங்கிய மன்ஹாட்டன் திட்டத்துக்கு வேண்டிய சரக்கு ஊருக்குள்ளேயே இருந்திருக்கிறது!

அப்புறம் டிரம்கள் போய்விட்டன. ஆனால் சரக்கு போனாலும் சிந்தினது தரையில் தங்கும், கிடங்கில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1980-ல் அந்த இடத்தை அளந்து பார்த்தபோது மண்ணில் கதிரியக்கம் இருந்தது. எங்கள் காலத்தில் ரசாயன டிரம் ஒழுகினால் மரத்தூளைக் கொட்டிக் கூட்டி அள்ளுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பல நேரம் கூட்டியவருக்குத் தெரியாது. அதனால்தான் ஸ்டேட்டன் தீவில் டிரம் உருட்டிய ஆட்களை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அதற்கும் முன்னால், காங்கோவில் அந்தத் தாதுவைக் கையால் பொறுக்கித் தரம் பிரித்த தொழிலாளிகள் இருக்கிறார்கள். செஞ்சியேக்கு அமெரிக்க அரசு பதக்கம் கொடுத்தது. இவர்கள் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த ஆகஸ்ட் 6-ல் ஷிங்கோலோப்வே பற்றி ஒரு முழுப் பக்கம் போடுங்கள். விஞ்ஞானிகளைப் பற்றித்தான் நிறைய எழுதியாகிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டாலி கிளார்க்,
தூத்துக்குடி