முகாமில் விற்பனை மேசை வேண்டாம்: எங்கள் பகுதித் தமிழர் நலச் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கிழக்கு தில்லியில் முப்பத்திரண்டு ஆண்டுகளாக வசித்து வருபவனும், அரசு மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவனும், நம் சங்கத்தின் ஆயுள் உறுப்பினனுமாகிய நான், கடந்த நவம்பரில் நடைபெற்ற சர்க்கரை நோய் முகாமைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். செயற்குழுவுக்குத் தனியே அனுப்பியிருக்கலாம். ஆனால் அன்று அரங்கில் பேசப்பட்டதைக் கேட்டவர்கள் அனைவரின் காதிலும் அதற்கான மறுமொழியும் விழ வேண்டும் என்பதால் எல்லோர் முன்னிலையிலும் வைக்கிறேன்.

அன்று விரல் நுனியில் குத்தி இலவசமாகச் சர்க்கரை பார்த்தார்கள். அது நல்ல காரியம். பார்த்த கையோடு, அளவு சற்று கூடியிருந்த ஒவ்வொருவரையும் பக்கத்து மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் கலந்த கேப்சூல், மரமஞ்சளில் உள்ள பெர்பெரின், மீன் எண்ணெய் மூன்றும் அடங்கிய பெட்டி விற்பனைக்கு இருந்தது. “உடம்பின் உள்வீக்கம்தான் எல்லா நோய்க்கும் வேர், இதைச் சாப்பிட்டு வந்தால் சர்க்கரை மாத்திரையைப் படிப்படியாக விட்டுவிடலாம்” என்று பேச்சாளர் சொன்னபோது, அவருக்குப் பின்னால் நம் சங்கத்தின் பெயர்ப் பதாகை தொங்கிக்கொண்டிருந்தது. நானும் ஒரு பெட்டி வாங்கினேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோனால் மட்டும் தெரியும் எழுத்தில், ‘மருத்துவப் பயன்பாட்டிற்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் அதில் அச்சிட்டிருந்தது. 2016ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் இந்த வாசகத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பெட்டியே மறுக்கும் ஒன்றை நம் மேடை உறுதியளித்தது.

மிளகு சேர்த்தால் மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின் 2000 சதவீதம் கூடுதலாக உடம்பில் சேரும் என்று பேச்சாளர் பெருமையோடு எடுத்துக்காட்டிய கணக்கு பொய்யல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1998இல் வெளிவந்த, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வில், இரண்டு கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடல் உறிஞ்சிக்கொள்ளும் குர்குமினின் அளவு அந்த விகிதத்தில் உயர்ந்தது. உறிஞ்சப்பட்ட அளவைத்தான் அவர்கள் கணக்கிட்டார்கள்; நோய் குறைந்ததா என்பது அந்த ஆய்வின் கேள்வியே அல்ல. அதைவிட முக்கியமானது, மிளகு இதை எப்படிச் சாதிக்கிறது என்பது. வெளியிலிருந்து வரும் பொருள்களைக் குடலும் கல்லீரலும் சிதைத்து வெளியேற்றும் வேலையை அது தாமதப்படுத்துகிறது. அந்த வேலை தாமதமாகும்போது குர்குமின் மட்டும் தங்கும், கூடவே விழுங்கிய மற்ற மாத்திரைகள் வழக்கம்போல் வெளியேறிவிடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வலிப்பு நோய்க்குத் தரும் பினைட்டோயின் இரத்தத்தில் கூடுதலாகத் தங்குவது மனிதர்களிடமே கண்டறியப்பட்டிருக்கிறது.

‘தினமும் ரசத்தில் போடுவதுதானே’ என்று பலர் என்னிடம் கேட்டார்கள். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம்தான். 500 மில்லிகிராம் கேப்சூலில் 95 சதவீதம் குர்குமின் என்றால், ஒரே கேப்சூலில் சுமார் 16 கிராம் மஞ்சளின் சாரம் இருக்கிறது; தேக்கரண்டியில் அளந்தால் ஐந்து கரண்டி. எந்தப் பாட்டியும் ஒரு சட்டி ரசத்தில் அவ்வளவு போட்டதில்லை. அமெரிக்காவில் மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றி 2022இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களில் ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். இது எல்லோருக்கும் நேர்வதில்லை, அரிதாகவே நேர்கிறது. ஆனால் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்துக்கொள்பவர்களின் நிலை வேறு. அப்படிச் சீராக இருந்த ஒருவர் மஞ்சள் மாத்திரையைத் தொடங்கியபின், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு பத்தைத் தாண்டியதாக 2018இல் நியூசிலாந்தின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு எச்சரித்தது. அந்த எண் பெரும்பாலோருக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதை அம்மருந்தை எடுக்கும் நம் உறுப்பினர்கள் அறிவார்கள்.

சர்க்கரை நோய்க்கு வழக்கமாகத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பேச்சாளர் ‘ரசாயனம்’ என்று ஒதுக்கியது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதன் பூர்வீகமும் ஒரு செடிதான். ஐரோப்பாவில் அளவுக்கு மீறிச் சிறுநீர் போவதற்கும் மற்றவற்றுக்கும் கைவைத்தியமாக வழங்கிய கலேகா என்ற செடியின் சத்தை ஆராய்ந்த வழியில் உருவான மருந்தை, 1957இல் ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரில், நடைப்பயிற்சியும் உணவுமுறையும் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதமும், மெட்ஃபார்மின் 26.4 சதவீதமும் குறைத்தன. இரண்டையும் சேர்த்தபோது கூடுதல் பலன் கிடைக்கவில்லை. பூங்காவில் காலை நடை போகும் நம் மூத்தவர்களுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டிய மேடை அது.

இதையெல்லாம் நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம், எழுபதைக் கடந்த நம் உறுப்பினர் அம்மையார் ஒருவர். பதினோரு ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவர், சைவ உணவுக்காரர். பாதத்தில் மதமதப்பு என்று அவர் சொன்னதற்கு, ‘நரம்பு வீக்கம்’ என்று மூன்று மாதத்துக்கான பெட்டிகளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அவரும் நம்பி, மெட்ஃபார்மினைத் தாமாகவே பாதியாகக் குறைத்தார். ஆறு வாரம் கழித்து என்னிடம் வந்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 210. அவருடைய மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் வைட்டமின் பி12 மிகக் குறைந்திருந்தது. மெட்ஃபார்மினை நெடுங்காலம் எடுப்பவர்களுக்குக் குடலில் பி12 உறிஞ்சப்படுவது குறையும் என்பதும், பால் தவிர விலங்கிலிருந்து வரும் வேறு உணவு எதையும் சேர்க்காதவர்களுக்கு அது இன்னும் விரைவில் தெரியவரும் என்பதும் மருந்தகத்தில் இருந்த எவருக்கும் பழைய செய்தி. அவருக்கு உண்மையிலேயே ஒரு சத்து தேவைப்பட்டது. அந்த மேசையில் இருந்த மூன்றில் எதுவும் அது அல்ல. ‘என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்கவும் அங்கே ஆளில்லை.

உள்வீக்கத்தைக் குறைக்கத் தனி மாத்திரை தேடுவோரில் பலர் ஏற்கெனவே இரவில் கொழுப்பு மாத்திரை போடுபவர்கள். கெட்ட கொழுப்பு அதிகமில்லாமல், உள்வீக்கத்தைக் காட்டும் சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனை அளவு மட்டும் உயர்ந்திருந்தவர்களிடம், அந்தக் கொழுப்பு மாத்திரைகளில் ஒன்றான ரோசுவாஸ்டாட்டின் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைக் கணிசமாகக் குறைத்ததை 2008இன் ஜூப்பிட்டர் ஆய்வு காட்டியது. வைட்டமின் டி பற்றியும் ஒரு வரி: குறைபாடு இருந்தால் மருத்துவர் சொன்ன வாரக்கணக்கோடு நிறுத்த வேண்டிய 60,000 யூனிட் பொட்டலத்தை, ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்கள் நம் குடியிருப்பில் இருக்கிறார்கள். கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும்.

யமுனையைத் தாண்டி ஐடிஓ பக்கம் போனால், கோட்லா சாலையில் எஃப்டிஏ பவன் இருக்கிறது. உணவைக் கண்காணிக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ, மருந்தைக் கண்காணிக்கும் சிடிஎஸ்சிஓ ஆகிய இரண்டின் தலைமையகமும் அந்த ஒரே வளாகம்தான். கேப்சூல் ஒரு கோப்பில் உணவு, மெட்ஃபார்மின் இன்னொரு கோப்பில் மருந்து. இரண்டும் ஒன்றாகச் சேர்வது நம் வயிற்றில். ஆகவே அங்கிருந்து யாராவது வந்து நம் அரங்கைக் காப்பார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. அதே சமயம், சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது என்பதையும், அத்தகைய விளம்பரத்தை வெளியிடுவதில் எவ்வகையிலும் பங்கேற்பவரையும் அது விடுவதில்லை என்பதையும், நம் சங்க முத்திரையோடு வீடுவீடாகப் போன துண்டறிக்கையை மனத்தில் வைத்துச் செயலாளர் ஒருமுறை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கேப்சூல் உணவா மருந்தா என்று அவர்கள் வாதாடட்டும்; நம் பெயர் அந்த வாதத்தில் இருக்க வேண்டாம்.

மேசை வாடகையால்தான் அன்றைய பந்தல் செலவும் சிற்றுண்டிச் செலவும் ஈடாயின என்று பொருளாளர் சொன்னதை மறக்கவில்லை. பொங்கல் விழாவிலும் அதே நிறுவனம் இடம் கேட்டிருப்பதாக அறிகிறேன். தயவுசெய்து கொடுக்க வேண்டாம். அதற்குப் பதிலாக, விழாவுக்கு முந்தைய ஞாயிறு காலை நூலக அறையைத் திறந்துவிட்டால் போதும். ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மாத்திரை அட்டை, டப்பா, பொடி, லேகியம் அனைத்தையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வரட்டும். நானும், ஓய்வு பெற்ற செவிலியர் இருவரும் உட்கார்ந்து, எது எதோடு சேராது, எது இரண்டு பெயரில் இரட்டிப்பாகிறது, எதை மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்று தமிழில் எழுதித் தருவோம். மருந்தை நிறுத்தவோ தொடங்கவோ நாங்கள் சொல்லமாட்டோம். ஒவ்வாமையோ வேறு தொல்லையோ நேர்ந்திருந்தால், மருந்துப் பக்கவிளைவுகளைப் பதியும் 1800-180-3024 என்ற அரசு எண்ணில் அங்கேயே பேசிப் பதிந்துவிடலாம்.

மேசை நாற்காலி தவிர இதற்குச் செலவில்லை. தேநீருக்கு நான் பொறுப்பு. நூலகச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர், ஆயுள் உறுப்பினர்
கிழக்கு தில்லி