ஆயிரம் படி ஏறிவிட்டேன்

மைசூர்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றியதைப் படித்ததும் நாக்கு ஊறியது. நானும் இங்கே மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை சாமுண்டி மலைக்குப் படியேறியே போய்வந்தேன். சிரிக்காதே.

நமக்கு ஆடி மாதிரி இவர்களுக்கு ஆஷாடம். அமாவாசைக்கு மறுநாள் பிறக்கிற மாதம் என்பதால் நம் ஆடிக்குக் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்துவிடும். மற்றபடி நம்மூர்க் கதைதான். கல்யாணம் வைக்கமாட்டார்கள், புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மாதம் மாமியாரும் மருமகளும் ஒரே வாசற்படியைத் தாண்டக்கூடாதாம். ஆஷாட வெள்ளி என்றால் மலையில் அப்படி ஒரு கூட்டம். சொந்த வண்டிகளை மேலே விடுவதில்லை; லலித மகால் அரண்மனைப் பக்கத்து மைதானத்திலிருந்து பஸ். மகள் பஸ்ஸில் போகச் சொன்னாள். நான் விடிவதற்கு முன்பே படிக்கட்டுக்கு நழுவிவிட்டேன்.

17-ஆம் நூற்றாண்டில் மைசூர் ராஜா தொட்ட தேவராஜ உடையார் கட்டிய படிகள். ஆயிரம் என்கிறார்கள். எண்ணிக்கொண்டே ஏறினேன், நூற்றுச் சொச்சத்தில் மூச்சும் கணக்கும் சேர்ந்து தப்பின.

எனக்கு முன்னால் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். இடது கையில் எவர்சில்வர் தட்டு, அதில் குழைத்த மஞ்சளும் குங்குமமும். ஒவ்வொரு படிக்கும் குனிந்து மூன்று விரலால் மஞ்சள் இழுக்கிறாள், மோதிர விரலால் குங்குமம் வைக்கிறாள், அடுத்த படி. ஒரு படியைக்கூட விடவில்லை. என்ன வேண்டுதலோ, கேட்கத் தோன்றவில்லை. நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இளைப்பதைப் பார்த்து, நிமிராமலே, "நிதானவாகி ஹத்தி" என்றாள். மெதுவாக ஏறுங்கள் என்று அவள் எனக்குச் சொல்கிறாள், பார்த்துக்கொள்!

எழுநூறு படி தாண்டினால் நந்தி. ஒரே கல், 15 அடிக்கு மேல் உயரம், கழுத்து மணிச்சரம்வரை செதுக்கியிருக்கிறார்கள். தஞ்சாவூர் நந்தியைப் பார்த்தே வளர்ந்த நமக்கு எது பெரிது என்ற சண்டை வரும். அதை நீ வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம்.

மேலே கத்தியும் பாம்புமாக வண்ணம் பூசிய மகிஷாசுரன் சிலை. அம்மன் கொன்ற அசுரனின் பெயரைத்தான் ஊரே வைத்துக்கொண்டிருக்கிறது.

வரிசையில் மூன்று மணி நேரம், சந்நிதியில் மூன்று நொடி. ஆனால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் சொன்ன கதைக்காகவே இன்னும் நின்றிருப்பேன். நஞ்சன்கூடு நஞ்சுண்டேஸ்வரர், கபிலா நதிக்கரையில் இருப்பவர், வீட்டில் மனைவி இருக்க இந்தச் சாமுண்டியிடம் மனதைப் பறிகொடுத்தாராம். விஷயம் தெரிந்து பெரிய சக்களத்திச் சண்டையாம். நாட்டுப்புறப் பாட்டாகவே பாடுகிறார்கள். மலையடிவாரத்து உத்தனஹள்ளி அம்மன் இவளுக்குத் தங்கை. அசுரன் ரத்தம் சிந்தச் சிந்த ஒவ்வொரு துளியும் ஓர் அசுரனாக எழும்பியபோது, நாக்கை விரித்து அத்தனையையும் குடித்தவள் அவள்தானாம். புராணத்து மகிஷாசுரமர்த்தினியைவிட இந்த அக்காள்-தங்கையைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

தசராவுக்கு நீ கட்டாயம் வா. 750 கிலோ தங்க அம்பாரியில் ஒரு காலத்தில் ராஜா போனார், இப்போது சாமுண்டியின் விக்கிரகம் போகிறது. மகள் வீட்டில் மாடி அறை காலிதான்.

ஒரு விஷயம். அந்தப் படிகளின் மஞ்சள் என் வேட்டிக் கரையில் ஏறிவிட்டது, மூன்று முறை துவைத்தும் போகவில்லை. மகளுக்குத் தெரிந்தால் திட்டு வாங்கவேண்டும். எப்படிப் போக்குவது என்று தங்கச்சியிடம் கேட்டு எழுது. அப்புறம், வரும்போது நம்ம வைத்தியரிடம் முழங்கால் தைலம் ஒரு பாட்டில்.

உன்,
சுந்தரம்